மரிக்கொழுந்துக்கு அமெரிக்காவுல ஒரு பங்காளி

விதை, நாத்து, செடி: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள எல்லாம் மேசையில பரப்பி வெச்சி பாத்தேன், முக்காவாசி ஒரே புலம்பல்தான். "விதை போட்டேன், முளைக்கல." கடைக்காரன் ஏமாத்திட்டான்னு பாதி பேரு, என் கை ராசி அவ்ளோதான்னு மீதி பேரு. காட்பாடி ரோட்டுல முப்பது வருஷமா நர்சரி வெச்சிருக்கறவன்ற முறையில சொல்றேன், ராசி கீசி எல்லாம் ஒண்ணும் இல்ல, நிறைய தடவ விதை நல்லாதான் இருக்கும், அது காத்துட்டு இருக்கும், எதுக்கு காத்துட்டு இருக்குதுன்றதுதான் நமக்கு தெரியறது இல்ல. குடியாத்தத்துல இருந்து வந்த ஒரு கேள்வி இந்த விஷயத்த நல்லா பிடிச்சிருக்குது, அதையே முதல்ல எடுத்துக்கறேன், கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்குங்க.

*

கேள்வி: ஐயா, என் அக்கா பையன் அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல வேலை பாக்கறான். அங்க பாலைவனத்துல ஒரு புதர்ச்செடி இருக்குதாம். ஒரே செடிதானாம், ஆனா மலை மேல எடுத்த விதை முளைக்க மூணு மாசம் கூட ஆவுமாம், கீழ குளிர் கம்மியா இருக்கற பக்கம் எடுத்த விதை சில நாள்லயே முளைச்சிடுமாம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒரே குளிர்ல வெச்சாலும் அப்படித்தானாம். எனக்கு நம்பிக்கை வரல. கதை விடறானா?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: கதை விடலம்மா, பையன் சரியாதான் சொல்றான். செடி பேரு சேஜ்பிரஷ், தாவரவியல்ல ஆர்ட்டிமீசியா ட்ரைடென்டேட்டா. இந்த ஆர்ட்டிமீசியான்ற முதல் பேர எங்கயோ கேட்ட மாதிரி இருக்குதான்னு பாக்கறீங்களா, உங்க ஊர் பூக்கடையில கதம்பத்துக்கு நடுவுல சொருகி கட்டறாங்களே மரிக்கொழுந்து, அது ஆர்ட்டிமீசியா பாலென்ஸ். ரெண்டும் ஒரே வம்சம், பங்காளிங்கன்னு வெச்சிக்குங்க. இது மெத்துன்னு வளந்து மாலைக்கு போவுது, அது கட்டை மாதிரி இறுகி பனியில நிக்குது. ஆனா அதோட இலையையும் கசக்கினா வாசனை தூக்கும்.

முதல்ல ஒண்ணு. பாலைவனம்னா நம்ம மனசுல மணலு, ஒட்டகம், நம்ம மே மாசத்த விட பத்து மடங்கு வெயில், இதான் வரும். யூட்டா, நெவாடா பக்கம் இருக்கற கிரேட் பேசின்ற பாலைவனம் அப்படி இல்ல. வெயில் காலத்துல காயும், குளிர் காலத்துல பனி கொட்டும். அங்க தண்ணி வர்ற வழியில பெரும்பங்கு அந்த பனிதான், வசந்தத்துல அது உருகி மண்ணுல இறங்கற ஈரம், அத வெச்சிதான் செடிங்க வருஷத்த ஓட்டணும். நமக்கு ஐப்பசி கார்த்திகை மழை மாதிரி அவங்களுக்கு பனி உருகறது.

இப்ப சேஜ்பிரஷ் விதைய பாருங்க. கடுகு பக்கத்துல வெச்சா கடுகு பூசணிக்கா மாதிரி தெரியும், அவ்ளோ பொடி. குளிர் ஆரம்பிக்கற நேரத்துல பழுத்து செடிக்கு அடியிலயே உதிரும். ரொம்ப வருஷம் மண்ணுல கிடந்து காத்திருக்கற ஜாதியும் இல்ல, வர்ற வசந்தத்த விட்டா அநேகமா கதை முடிஞ்சிடும். அதனால எப்ப முளைக்கறதுன்றது அதுக்கு வாழ்வா சாவான்ற விஷயம்.

மலை மேல விழுந்த விதைக்கு மேல பனி நாலஞ்சு மாசம் மெத்தை மாதிரி கிடக்கும். அடியில ஈரம் இருக்கும், குளிர் பூஜ்யத்துக்கு பக்கத்துல இருக்கும். அந்த ஈரத்த பாத்து ஏமாந்து டிசம்பர்லயே முளை விட்டா மேல வெளிச்சம் இல்ல, தலைக்கு மேல ரெண்டு அடி பனி, இல்லன்னா நடுவுல பனி கொஞ்சம் விலகி அடுத்த ராத்திரியே உறைஞ்சி கருகிடும். அதனால மலை விதை அந்த குளிர் ஈரத்துல ஆமை மாதிரி நகருது. பனி உருகற நேரமும் இது முளை விடற நேரமும் ஏறக்குறைய ஒண்ணா வந்து நிக்கும்.

கீழ, குளிர் லேசா இருக்கற பக்கம், கதையே வேற. பனி விழுந்தாலும் தங்காது. மேல் மண்ணுல ஈரம் நிக்கறது குளிர் காலத்துல சில வாரம், மார்ச் ஏப்ரல்ல சுத்தமா காஞ்சிடும். அங்க மூணு மாசம் யோசிச்சிட்டு இருந்தா யோசிச்சிட்டே போய் சேர வேண்டியதுதான். அதனால அந்த ஊர் விதை ஈரம் பட்டதும் சில நாள்ல வேலைய முடிச்சிடுது.

இத சும்மா பாத்து சொல்லல. யூட்டாவுல ப்ரோவோன்ற ஊர்ல அமெரிக்க வனத்துறையோட புதர்ச்செடி ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணு இருக்குது. அங்க சூசன் மேயர், ஸ்டீபன் மான்சன்னு ரெண்டு பேரு 1990கள் வாக்குல பல ஊர்ல இருந்து இந்த விதைய சேகரிச்சி, ஈரம் காட்டி, 1 டிகிரி குளிர்ல வெச்சி, எது எத்தனை நாள்ல முளைக்குதுன்னு உக்காந்து எண்ணினாங்க. எந்த ஊர்ல குளிர்காலம் கடுமையோ அந்த ஊர் விதை நிதானம், எந்த ஊர்ல லேசோ அந்த ஊர் விதை அவசரம், கோடு போட்ட மாதிரி வந்துச்சு. ராபிட்பிரஷ்னு இன்னொரு புதர்லயும் இதே மாதிரி கணக்க முன்னாடியே பாத்திருந்தாங்க.

நம்ம பக்கத்துல கம்மவான்பேட்டைய ராணுவப்பேட்டைன்னு சொல்வாங்க, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்கன்னு பேரு. அந்த மாதிரி ரிட்டயர் ஆனவர் ஒருத்தர் என் கடைக்கு வருவாரு, பென்ஷன் வாங்கி இருபது வருஷம் ஆச்சி, இன்னமும் காலையில நாலரைக்கு எந்திரிச்சி ஷேவ் பண்ணிட்டு உக்காந்திருப்பாரு, போறதுக்கு எந்த பரேடும் கிடையாது. மலை விதைய கீழ எடுத்துட்டு வந்தாலும் அது இந்த மாதிரிதான், ஊர் மாறினது அதுக்கு தெரியாது. ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது. இவருக்கு அது பழக்கத்துல வந்தது, விதைக்கு பிறப்புலயே வந்தது. மலை மேல அவசரப்பட்ட விதைங்க எல்லாம் தலைமுறை தலைமுறையா செத்து ஒழிஞ்சி, நிதானமா இருந்ததோட வாரிசு மட்டும் மிஞ்சியிருக்குது. அதான் ஒரே டப்பாவுல வெச்சாலும் வித்தியாசம் போவல. இதுக்கு மேல, விதை முத்தற நேரத்துல தாய்ச்செடி பட்ட வெயிலும் வறட்சியும் கூட விதையோட உறக்கத்த கொஞ்சம் கூட்டும் குறைக்கும், பல செடிங்கள்ல இது தெரிஞ்ச விஷயம், ஒரே ஊர் விதை வருஷத்துக்கு வருஷம் லேசா மாறறது அதனாலதான்.

இதனால யாருக்கு என்ன லாபம்னு கேப்பீங்க. அந்த பக்கம் காட்டுத்தீ அடிக்கடி வருது, ஏக்கர் கணக்குல சேஜ்பிரஷ் எரிஞ்சி போவுது, எரிஞ்ச இடத்துல திரும்ப வரவெக்க ப்ளேன்ல இருந்து விதை தூவறாங்க. எங்கயோ வாங்கின விதைய எங்கயோ தூவினா என்ன ஆவும், மேல சொன்னதுதான் ஆவும், தப்பான மாசத்துல முளைச்சி மொத்தமும் வீணு. இப்ப எந்த மண்டலத்து விதைய எந்த மண்டலத்துக்கு கொண்டு போலாம்னு மேப் போட்டு வெச்சிருக்காங்க. உங்க பையன் கிட்ட கேளுங்க, ஒருவேளை அவன் அந்த வேலையிலதான் இருக்கானோ என்னவோ.

இன்னொண்ணு, இது கேள்வியில இல்ல, இருந்தாலும் சொல்றேன், எனக்கு பிடிச்ச விஷயம். அதே பக்கம் பிளாக்பிரஷ்னு ஒரு புதர். அதோட விதைய எலிங்க கொண்டு போய் குழி தோண்டி கொத்து கொத்தா புதைச்சி வெக்கும், கங்காரு மாதிரி குதிக்கற எலிங்க. தின்னதுக்கு மேல மிஞ்சினது அங்கேயே முளைக்கும். புது செடிங்கள்ல பெரும்பாலும் அப்படி எலி புதைச்ச குழியில இருந்து வர்றதுதான். நம்ம ஊர்ல எலி மேல இருக்கற மரியாதை உங்களுக்கு தெரியும்.

*

கேள்வி: விதைய ஃப்ரிட்ஜ்ல வெச்சா முளைக்கும்னு வீடியோவுல பாத்து தக்காளி, மிளகா, லாவெண்டர் மூணையும் கவரோட ஒரு மாசம் வெச்சேன். லாவெண்டர் மட்டும் வரவே இல்ல சார்.
— காட்பாடி வாசகர்

பதில்: தக்காளிக்கும் மிளகாய்க்கும் ஃப்ரிட்ஜே வேணாம், அதுங்க எப்பவும் ரெடி. லாவெண்டர் மாதிரி குளிர் தேச செடிங்களுக்கு குளிர் உதவும், ஆனா கவரோட காஞ்ச விதைய வெச்சீங்க பாருங்க, அதுக்கு பேரு பத்திரப்படுத்தறது, அவ்ளோதான். ஈரம் குடிச்ச விதைக்குதான் குளிர் உறைக்கும். உள்ள "இரு, இப்ப வேணாம்"னு பிடிச்சி வெக்கற ஹார்மோன் ஒண்ணு, "கிளம்பு"ன்னு தள்ளற ஹார்மோன் ஒண்ணு, ஈரமும் குளிரும் சேந்து சில வாரம் போனா முதல்ல சொன்னதோட பிடி தளரும், ரெண்டாவதோட கை ஓங்கும். ஈர டிஷ்யூ பேப்பர்ல மடிச்சி டப்பாவுல போட்டு, காய்கறி வெக்கற கீழ்த்தட்டுல வையுங்க, ஃப்ரீசர்ல இல்ல. வாரம் ஒரு தடவ திறந்து பூஞ்சணம் பிடிச்சிருக்குதான்னு பாருங்க. ஆப்பிள் கொட்டைக்கும் இதே வித்தைதான், ரெண்டு மூணு மாசம் ஆவும், குழந்தைங்கள விட்டு செய்ய சொல்லுங்க. ஆப்பிள் காய்க்குமான்னு மட்டும் அடுத்த மாசம் கேட்டுடாதீங்க, வேலூர் வெயில்ல நான் அந்த வாக்குறுதிய தர மாட்டேன்.

*

கேள்வி: ரோட்டோரத்துல ஆவாரம் தானா முளைச்சி தானா பூக்குது. நான் அந்த நெத்துல இருந்தே விதை எடுத்து தொட்டியில போட்டா மூணு தடவையும் ஒண்ணும் வரல. மண்ண தோண்டி பாத்தா விதை அப்படியே பளபளன்னு கிடக்குது. என்னாத்துக்கு இந்த பிடிவாதம்?
— ஆம்பூர் வாசகி

பதில்: ஆம்பூர்ல இருந்துட்டு ஆவாரம் வரலன்னு சொல்றீங்களே. ஒரு காலத்துல உங்க ஊரு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் ஷாப்புங்கள்ல தோல் பதம் பண்ண ஆவாரம் பட்டைதான் போட்டாங்க, வெள்ளைக்காரன் அந்த செடிக்கே தோல் பதம் பண்றவங்க செடின்ற அர்த்தத்துல டேனர்ஸ் காசியான்னுதான் பேரு வெச்சான். அப்புறம் அதுக்கு பதிலா வாட்டில்ன்ற மரத்து பட்டை வந்துச்சு, குரோமியம் வந்துச்சு, பாலாறு என்ன ஆச்சின்னு நமக்கு தெரியும், அத விடுங்க.

தோண்டி பாத்தேன், பளபளன்னு கிடக்குதுன்னு எழுதினீங்க பாருங்க, அதுலயே பதில் இருக்குது. மூணு தடவ தண்ணி ஊத்தியும் விதை ஊறவே இல்ல, அதான் பளபளப்பு போவல. ஆவாரம், கொன்றை, வேலம், புளின்னு இந்த குடும்பத்துல நிறைய விதைக்கு தோலே பூட்டு. மேல்தோல்ல குச்சி குச்சியா செல்லுங்க நெருக்கி அடுக்கி, மெழுகு பூசின மாதிரி இருக்கும், ஒரு சொட்டு தண்ணி உள்ள போவாது. முன்னாடி சொன்ன சேஜ்பிரஷ் குளிர எண்ணிட்டு உக்காந்திருக்குது, ஆவாரம் அப்படி இல்ல, கதவ சாத்திட்டு படுத்திருக்குது. ரெண்டும் வேற வேற.

கதவ யாரு திறக்கறது? வெயிலுதான். நம்ம ஊர்ல ஏப்ரல் மே மாசம் நிழல்ல 42, 43 டிகிரின்னா வெட்டவெளி மண்ணு மேல 50, 60க்கு போயிடும், செருப்பு இல்லாம நடந்து பாத்தவங்களுக்கு தெரியும். பகல்ல அந்த சூடு, விடிகாலையில இறங்கறது, மறுபடி சூடு, இப்படி விரிஞ்சி சுருங்கி, விரிஞ்சி சுருங்கி, தோல்ல எங்க பலவீனமோ அங்க ஒரு விரிசல் விடும். அது திறந்தப்புறம் ஆடியில ஒரு மழை விழுந்தா போதும். கோடைய தாண்டினதுக்கு அத்தாட்சி கேக்கற விதை அது. நீங்க நிழல்ல ஜன்னல் ஓரமா தொட்டி வெச்சி தினம் தண்ணி ஊத்தி பாசமா பாத்துக்கிட்டீங்க, அதுக்கு கோடை வந்த மாதிரியே தெரியல.

செய்ய வேண்டியது: உப்புத்தாள்ல ஒவ்வொரு விதையையும் ஒரு பக்கம் நாலு இழுப்பு இழுங்க, பளபளப்பு போய் உள் நிறம் லேசா தெரியற வரைக்கும், அதுக்கு மேல வேணாம், கூர்முனை பக்கம் தொடவே வேணாம், அங்கதான் முளை இருக்கும். ஒரு ராத்திரி தண்ணியில போடுங்க. காலையில பாத்தா சிலது ரெண்டு மடங்கு உப்பி, பளபளப்பு செத்து, பழுப்பா மெத்துன்னு இருக்கும், அத மட்டும் நடுங்க. அப்படியே கல்லு மாதிரி கிடக்கறத எடுத்து திரும்ப தேயுங்க. நூறு விதை தேய்க்க பொறுமை இல்லன்னா தண்ணிய கொதிக்க வெச்சி, அடுப்ப அணைச்சிட்டு, விதைய அதுல கொட்டி அப்படியே ஆற விடுங்க. பெரிய நர்சரியில ஆசிட்ல போட்டு எடுப்பாங்க, அது வீட்டுல வேணவே வேணாம்.

*

கேள்வி: பாலைவனத்துல எப்பயாவது மழை பெய்யுது. அப்ப அங்க இருக்கற எல்லா விதையும் ஒண்ணா முளைச்சிடுமா அங்கிள்? முளைச்சப்புறம் மழை நின்னுட்டா?
— பதினோராம் வகுப்பு மாணவி, வாணியம்பாடி

பதில்: நின்னுட்டான்னு கேட்டீங்க பாருங்க, அந்த பயம் விதைக்கும் இருக்குதும்மா. அதனாலதான் எல்லாம் முளைக்காது.

முதல் விஷயம், தூறலுக்கு அதுங்க மயங்கறது இல்ல. ஃப்ரிட்ஸ் வென்ட்னு ஒரு விஞ்ஞானி 1940கள்ல கலிஃபோர்னியா பாலைவனத்து மண்ண விதையோட எடுத்துட்டு வந்து சோதிச்சாரு. மேல இருந்து மழை மாதிரி போதுமான அளவு தண்ணி விட்டா முளைக்குது. அதே மண்ண அடியில இருந்து ஈரம் உறிஞ்ச விட்டா, மண்ணு முழுக்க நனைஞ்சாலும், நிறைய விதை அசையல. காரணம், விதை தோல்ல முளைக்க விடாத ஒரு சரக்கு இருக்குது, மேல இருந்து தண்ணி இறங்கி அத கழுவிட்டு போனாதான் வேலை நடக்கும். தோல்ல தடவி வெச்ச மழைமானின்னு சொல்லலாம். உப்பு மண்ணுல வளர்ற ஏட்ரிப்ளெக்ஸ் புதருங்கள்ல சிலது விதைய சுத்தி இருக்கற உறையில உப்பையே சேத்து வெச்சிருக்கும், அந்த உப்பு கரைஞ்சி ஓடற அளவுக்கு மழை வந்தாதான் முளை.

ரெண்டாவது விஷயம்தான் அழகு. நல்ல மழையே பெய்ஞ்சாலும் ஒரே தாய்ச்செடியோட விதையில ஒரு பங்கு முளைக்கும், ஒரு பங்கு "அடுத்த வருஷம் பாக்கலாம்"னு படுத்திருக்கும். நம்ம பக்கம் நாலு பசங்க இருக்கற வீட்டுல அந்த காலத்துல என்ன பண்ணாங்க? ஒருத்தன பட்டாளத்துக்கு அனுப்புவாங்க, ஒருத்தன் தோல் ஷாப்புக்கு போவான், ஒருத்தன் கயினிய பாப்பான், ஒருத்தன படிக்க வெப்பாங்க. மழை பொய்ச்சா கயினி போவும், ஷாப்ப மூடினா அந்த சம்பளம் போவும், ஆனா மொத்தமா அடுப்பு அணையாது. விதையும் இதே குடும்பக் கணக்குதான் போடுது. 1966ல டேன் கோஹன்னு இஸ்ரேல்காரர் ஒருத்தர் இத கணக்காவே எழுதி காட்டினாரு: மழை எவ்ளோ நம்ப முடியாததோ அவ்ளோ விதைய கையிருப்புல வெக்கறது புத்திசாலித்தனம்னு. அப்புறம் அமெரிக்காவுல அரிசோனாவுல, டூசான் ஊர்ல 1903ல ஆரம்பிச்ச பாலைவன ஆராய்ச்சிக்கூடம் இருக்கற மேட்டுல, லாரி வெனபிள்னு ஒருத்தர் 1980கள்ல இருந்து வருஷா வருஷம் எந்த செடி எத்தனை முளைக்குது எத்தனை பிழைக்குதுன்னு எண்ணிட்டே வந்தாரு. எந்த செடிக்கு வருஷத்துக்கு வருஷம் அதிர்ஷ்டம் தாறுமாறா மாறுதோ, அது கம்மியா முளைச்சி நிறைய மிச்சம் பிடிக்குதுன்னு தெரிய வந்துச்சு. வட்டாரத்துக்கு ஏத்த கணக்குன்றது குளிருக்கு மட்டும் இல்ல, சந்தேகத்துக்கும் உண்டு.

ஸ்கூல்ல ப்ராஜெக்ட் கேட்டா இத பண்ணுங்க: பாலாத்து மணல்ல, வெயில் நல்லா காஞ்ச இடமா பாத்து, மேல் மண்ணு ஒரு படி எடுத்துட்டு வாங்க. ரெண்டு தட்டுல பிரிங்க. ஒண்ணுக்கு பூவாளியில மேல ஊத்துங்க, இன்னொண்ண தண்ணி தட்டுல வெச்சி அடியில இருந்து ஊற விடுங்க. எது எத்தனைன்னு தினம் எண்ணுங்க. என்ன வருதுன்னு எனக்கு எழுதுங்க, நானும் இங்க செஞ்சி பாக்கறேன்.

*

கேள்வி: இந்த வருஷம் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கற நேரத்துல நாலு நாள் விடாம மழை. பிடுங்கி பாத்தா பாதி காய் மண்ணுக்குள்ளயே முளை விட்டு போச்சி. நீங்க விதை தூங்குது தூங்குதுன்னு எழுதறீங்க, என் விதை ஏன் தூங்கல?
— அணைக்கட்டு விவசாயி

பதில்: உங்க வயிறு எரியறது எனக்கு புரியுது. நீங்க போட்டது கொத்து ரகமா இருக்கும். கொத்து மல்லாட்டைக்கு உறக்கம்னு ஒண்ணு கிட்டத்தட்ட கிடையாது, காய் முத்தினதும் ஈரம் பட்டா அப்பவே கிளம்பிடும். பழைய கொடி ரகம் வாரக்கணக்குல, சிலது மாசக்கணக்குல தூங்கும், மழையில மாட்டினாலும் முளைக்காது. ஆனா அது நாளும் அதிகம், பிடுங்கற வேலையும் அதிகம், நம்ம பக்கம் அதிகம் பேரு போடறது இல்ல.

இதுக்கு பழி நம்ம பாட்டன் முப்பாட்டன் மேலயும் கொஞ்சம் போவும். விதைச்சா எல்லாம் ஒண்ணா முளைக்கணும், இதான் விவசாயி எதிர்பாக்கறது. லேட்டா முளைச்சத களைன்னு கொத்திட்டோம், சீக்கிரம் முளைச்சதோட விதையவே திரும்ப திரும்ப எடுத்தோம். ஆயிரக்கணக்கான வருஷம் இப்படி எடுத்து எடுத்து, காட்டுச்செடிக்கு இருந்த நிதானத்த பயிருங்க கிட்ட இருந்து பிடுங்கிட்டோம். மானாவாரியில மழைக்கு முன்னாடியே காஞ்ச மண்ணுல புழுதி விதைப்பு பண்றவங்களுக்கு தெரியும், முதல் தூறல்லயே ஏமாந்து முளைச்சி அப்புறம் பத்து நாள் மழை இல்லாம கருகற கேழ்வரகு. காட்டுப்புல்லு அப்படி ஏமாறாது. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவுல இருக்கற இக்ரிசாட்ன்ற சர்வதேச பயிர் ஆராய்ச்சி நிலையத்துல கொத்து ரகத்துக்கு ரெண்டு மூணு வாரம் மட்டும் தூங்கற குணத்த திரும்ப ஊட்டற வேலை நடந்திருக்குது, அந்த மாதிரி ரகம் இப்ப கிடைக்குமான்னு விரிஞ்சிபுரம் ஆராய்ச்சி நிலையத்துல விசாரிங்க.

இப்போதைக்கு: நூறு நாள் தாண்டினதும் அங்கங்க ஒரு செடி பிடுங்கி காய உடைச்சி ஓட்டோட உள்பக்கத்த பாருங்க, கருப்பு ஏறியிருந்தா முத்திடுச்சி, வானம் மூடற மாதிரி இருந்தா அதுக்கு மேல தள்ளாதீங்க. முளைச்ச காய நல்ல காயோட கலக்கவே கலக்காதீங்க, ஈரத்தோட அம்பாரம் போடாதீங்க, பூஞ்சணம் பிடிச்சா எல்லாமே போவும்.

*

கேள்வி: வேலிகாத்தான (சீமைக்கருவேலம்) வேரோட பிடுங்கி எரிச்சாச்சி. ரெண்டு வருஷம் கழிச்சி அதே இடத்துல காடு மாதிரி. எங்க இருந்துதான் வருது?
— ஆற்காடு பக்கத்து வாசகர்

பதில்: உங்க ஆடுதான். நெத்து இனிக்கும், ஆடு மாடு ஆசையா தின்னும், சதை செரிச்சிடும், விதை பூட்டின பெட்டி மாதிரி வயித்துல சவாரி பண்ணி புழுக்கையோட வெளிய வரும், தோலும் லேசா இளகியிருக்கும், கூடவே எருவும் ரெடி. கிடை போட்ட எடத்துல பாருங்க, வரிசையா இருக்கும். மீதி விதை மண்ணுல பல வருஷம் கிடந்து மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமா வரும். நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா வறண்ட காட்டுக்கு போட்ட கணக்கு அது, நம்ம பக்கமும் அந்த கணக்கு செல்லுபடி ஆயிடுச்சி. 1870கள்ல வெறகுக்கு ஆவும்னு ஜமைக்காவுல இருந்து விதை வரவழைச்சி கடப்பா பக்கம் நட்டாங்க. கடப்பா நமக்கு எவ்ளோ தூரம், திருப்பதி தாண்டினா வந்துடுது.

ஒரு தடவ பிடுங்கினா முடிஞ்சிடுச்சின்னு நினைக்காதீங்க, அஞ்சு வருஷம் தொடர்ந்து மழைக்கு அப்புறம் சின்ன நாத்தா இருக்கறப்பவே எடுக்கணும். நெத்து விழற மாசத்துல ஆட்ட அந்த பக்கம் விடாதீங்க.

*

கேள்வி: நான் பட்டாளத்துல ஜெய்சல்மேர் பக்கம் இருக்கேன், சொந்த ஊர் கணியம்பாடி. இங்க கேஜ்ரின்னு சொல்ற மரம் நம்ம கோயில்ல இருக்கற வன்னிதான்னு சொல்றாங்க. லீவுல வர்றப்ப விதை கொண்டு வந்தா நம்ம ஊர்ல வருமா? என் சித்தப்பா வேலிகாத்தானும் அதுவும் ஒண்ணுதான், வேணாம்னு சொல்றாரு.
— ஒரு ஜவான்

பதில்: சித்தப்பா சொல்றதுல பாதி சரி தம்பி, ரெண்டும் சொந்தக்காரங்க, ஆனா குணம் வேற. வன்னி இந்த மண்ணு மரம், மெதுவா வளரும், ஊர பிடிச்சிக்காது. ராஜஸ்தானுக்கு அதான் மாநில மரம். இள நெத்த அங்க சாங்கரின்னு காய வெச்சி கறி பண்ணுவாங்க, உங்க மெஸ்ல போட்டிருப்பாங்களே.

முளைக்கறது கஷ்டமே இல்ல, நல்லா சூடான தண்ணியில போட்டு ஒரு ராத்திரி ஆற விட்டா போதும், வேர் நேரா ஆழமா இறங்கற ஜாதி, அதனால உயரமான பையில போடுங்க, இல்லன்னா நேரா குழியிலயே போட்டுடுங்க. முளைச்சப்புறம்தான் யோசிக்கணும். அங்க வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர் மழை வந்தா பெருசு, இங்க 900த்துக்கு மேல, அதுவும் அங்க ஓய்ஞ்சப்புறம் நமக்கு ஐப்பசியில கொட்டும். தண்ணி நிக்காத மேட்டு இடமா பாருங்க. கூடவே நம்ம பக்கத்து கோயில் வன்னியில இருந்தும் நாலு நெத்து பொறுக்கி பக்கத்துலயே போடுங்க, எது எப்படி வருதுன்னு நீங்களே பாக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு, கவர் மேல எந்த ஊரு, எந்த மாசம் பொறுக்கினதுன்னு பேனாவுல எழுதிடுங்க. நான் ஒரு தடவ ஏலகிரியில பொறுக்கினதையும் பாலாத்தங்கரையில பொறுக்கினதையும் ஒரே ஹார்லிக்ஸ் பாட்டில்ல கொட்டி வெச்சிட்டேன், ரெண்டும் நாயுருவிதான், என்ன ஆவப்போவுதுன்னு. மழைக்கு அப்புறம் ஒரே தட்டுல பாதி பத்து நாள்ல வந்துச்சு, பாதி ஒரு மாசம் கழிச்சி வந்துச்சு, எது எதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.